டிடபிள்யூஏ 514: ஆறு வாரம் முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்ச மலை

இன்னைக்கு எபிசோடு ஒரு விமான விபத்தைப் பற்றியது. விமானத்தில் எந்தப் பழுதும் இல்லை, எரிபொருளும் போதுமான அளவு இருந்தது. அனுபவமுள்ள பைலட்கள்தான் ஓட்டினார்கள். ரேடாரில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ட்ரோலரும் இருந்தார். இருந்தும் அந்த விமானம் நேராகப் போய் ஒரு மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரில் ஒருத்தரும் பிழைக்கவில்லை.

இந்தக் கதையை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. அதே இடத்தில், அதே மாதிரி, இன்னொரு விமானம் ஆறு வாரம் முன்னாடி மோதப் பார்த்துத் தப்பிச்சிருக்கு. அதாவது அந்த ஆபத்து அங்கே இருக்குன்னு சிலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியவேண்டியவங்களுக்கு அது ஏன் போய்ச் சேரலை? அந்தக் கேள்விதான் இந்த எபிசோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை

1974 டிசம்பர் 1. அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை. நம்ம ஊர்ல தீபாவளி முடிஞ்சு சென்னைக்குத் திரும்புற கூட்டத்தை நினைச்சுக்கோங்க. டிடபிள்யூஏ கம்பெனியின் 514ஆம் எண் விமானம், ஒரு போயிங் 727, இண்டியானாபொலிஸில் கிளம்பி, கொலம்பஸ் வழியாக, தலைநகர் வாஷிங்டனுக்குப் போகிறது. 85 பயணிகள், 7 ஊழியர்கள்.

போக வேண்டிய இடம் ஊருக்குள்ளேயே இருக்கிற வாஷிங்டன் நேஷனல் விமான நிலையம். ஆனால் அன்றைக்கு அங்கே பலமான குறுக்குக் காற்று. பெரிய விமானங்கள் இறங்க முடியாத நிலை. அதனால் 514ஐ வர்ஜீனியா பக்கம் இருக்கிற டல்லஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இது டெக்ஸாஸில் இருக்கிற டல்லஸ் நகரம் இல்லை. வாஷிங்டனுக்கு மேற்கே, வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் பெயரில் இருக்கிற விமான நிலையம்.

டல்லஸ் பக்கமும் வானிலை மோசம்தான். தாழ்வான மேகம், மழை, மலைப்பகுதியில் பனி, விமானத்தைத் தூக்கிப் போடுகிற காற்று. காற்றின் திசையைப் பார்த்து 12ஆம் எண் ரன்வேயில் இறங்கச் சொன்னார்கள். வடமேற்கிலிருந்து வருகிற விமானம் நேராக அந்த ரன்வேக்கு வரலாம். ஆனால் வழியில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் குறுக்கே இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன டெக்னிகல் விஷயம். ஐஎல்எஸ்னு ஒரு இறங்கும் முறை இருக்கு. அதில் இடது வலது மட்டும் இல்லாம, எவ்வளவு உயரத்தில் இருக்கணும்னும் கருவியே காட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு 514க்குக் கொடுத்தது அது இல்லை. ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து திசையும் தூரமும் மட்டும் கிடைக்கும் பழைய முறை. எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை பைலட்கள் கையில் இருக்கிற காகிதச் சார்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வார்த்தை, ரெண்டு அர்த்தம்

காலை 11:04 மணி. விமானம் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு இன்னும் 44 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 81 கிலோமீட்டர். அப்போது கண்ட்ரோலர், 12ஆம் ரன்வேக்கான அப்ரோச்சுக்கு நீங்கள் கிளியர்டு என்கிறார். எந்த உயரத்துக்குக் கீழே போகாதீர்கள் என்று அவர் எதுவும் சொல்லவில்லை.

'கிளியர்டு ஃபார் அப்ரோச்'. இந்த ஒரு சொற்றொடரில்தான் எல்லாமே மாட்டிக்கிச்சு.

பைலட்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? கண்ட்ரோலர் நம்மை ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே மலை இருந்தால் 'இவ்வளவு உயரத்துக்குக் கீழே போகாதே' என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் வழியில் தடை இல்லை. ஆகவே சார்ட்டில் இறுதி அப்ரோச் பகுதிக்குப் போட்டிருக்கிற 1,800 அடிக்கு இப்போதே இறங்கலாம்.

கண்ட்ரோலர் பக்கம் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? பைலட் அவராகவே வழி பார்த்து வருகிறார். அப்ரோச்சுக்கு அனுமதி கொடுத்தாச்சு. உயரக் கட்டுப்பாடு எல்லாம் அவர் கையில் இருக்கிற சார்ட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து இறங்குவது பைலட் வேலை.

ஐடியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான சீன். தப்பான டேட்டா வந்தா பேக்எண்ட்ல தடுத்துடுவாங்கன்னு ஃபிரண்ட்எண்ட் டீம் நினைக்கும். ஃபிரண்ட்எண்ட்லயே வேலிடேட் பண்ணித்தான் அனுப்பியிருப்பாங்கன்னு பேக்எண்ட் டீம் நினைக்கும். ரெண்டு பேரும் பொறுப்பா வேலை செஞ்சிருப்பாங்க. ஆனா அந்தச் செக் எங்கேயுமே இருக்காது. நம்ம வேலைல அதுக்கு விலை ஒரு ராத்திரித் தூக்கம். இங்கே விலை வேற.

514 இறங்க ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை பைலட். கேப்டன் பக்கத்தில் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காக்பிட் ஒலிப்பதிவில் பதிவான பேச்சு விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் படிக்கும்போதே மனசைப் பிசையும். ரவுண்ட் ஹில் என்ற புள்ளி வரைக்கும் 3,400 அடிதான் குறைந்தபட்ச உயரம் என்று இந்தச் சீட்டு சொல்கிறதே என்று கேப்டனே கவனித்துச் சொல்கிறார். சரியான தகவல் அவர் கையில் இருக்கிறது, கண்ணிலும் பட்டுவிட்டது. அதைப் பற்றி மூன்று பேரும் பேசவும் செய்கிறார்கள். ஆனால் கண்ட்ரோலர் கிளியர் செய்துவிட்டால் அப்ரோச் தொடங்கும் உயரத்துக்குப் போகலாம் என்பதுதான் முடிவாக வருகிறது.

அவர் ஏன் அப்படி முடிவு செய்தார்? சார்ட்டில் அந்த 3,400 அடி போட்டிருந்தது வேறொரு பாதைக்கு. 514 வந்துகொண்டிருந்தது சார்ட்டில் வரையப்படாத ஒரு பாதையில். சார்ட்டின் கீழ்ப்பகுதியில் விமானம் படிப்படியாக இறங்குவதைப் பக்கவாட்டில் காட்டும் படம் ஒன்று இருக்கும். அந்தப் படத்தில் ரவுண்ட் ஹில்லுக்கு முன்னால் இருந்த உயரக் கட்டுப்பாடு சரியாகக் காட்டப்படவில்லை. ஆக, சார்ட் ஒரு மாதிரி சொல்லுது, கண்ட்ரோலரோட அனுமதி வேற மாதிரி கேக்குது. ரேடார் வச்சிருக்கிற மனுஷனை நம்புவோம்னு முடிவெடுத்தார்.

வெளியே மேகம். காற்று விமானத்தைக் குலுக்குகிறது. உயரம் காட்டும் முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. கடைசி நொடிகளில் தரை நெருங்குகிறது என்று ரேடியோ ஆல்டிமீட்டரின் எச்சரிக்கை ஒலிக்கிறது. எஞ்சின் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார் கேப்டன். இரண்டே நொடி. 11:09 மணிக்கு, டல்லஸுக்கு சுமார் 46 கிலோமீட்டர் வடமேற்கே, மவுண்ட் வெதர் என்ற மலையின் சரிவில், சுமார் 1,670 அடி உயரத்தில் 514 மோதியது. உச்சியைத் தாண்ட இன்னும் நூறு அடி கூடத் தேவைப்பட்டிருக்காது. அனுமதி கிடைத்து அஞ்சே நிமிஷம்.

ஒரு துணைக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணு ஆயுதப் போர் வந்தால் அமெரிக்க அரசு ஒளிந்துகொண்டு இயங்குவதற்கான நிலத்தடி மையம் அந்த மவுண்ட் வெதரில்தான் இருந்தது. விபத்துச் செய்தி சேகரிக்கப் போன பத்திரிகையாளர்கள் மூலம் அந்த இடத்தின் பெயர் பலருக்கும் தெரிய வந்தது. அது தனி எபிசோடுக்கான சமாச்சாரம்.

யார் தப்பு?

விசாரித்தது அமெரிக்காவின் என்டிஎஸ்பி, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதன் ஐந்து உறுப்பினர்களாலேயே ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. மூன்று பேர், பாதுகாப்பான இடம் வரும் முன்பே 1,800 அடிக்கு இறங்க எடுத்த முடிவுதான் காரணம் என்றார்கள். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நடைமுறைகளின் குறைகளும் தெளிவின்மையும் இருந்தன என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். மற்ற இரண்டு பேர் அதை ஏற்கவில்லை. உயரக் கட்டுப்பாடு சொல்லாமல் அனுமதி கொடுத்த கண்ட்ரோலர் தரப்பின் தவறுக்குத்தான் முதலிடம் என்றார்கள்.

மாசக்கணக்கா உட்கார்ந்து, எல்லா ஆவணத்தையும் புரட்டிப் பார்த்த நிபுணர்களே மூணுக்கு ரெண்டுன்னு பிரிஞ்சு நிக்கிறாங்க. அப்போ, குலுங்குற விமானத்துல அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிவெடுக்க வேண்டிய ஒருத்தர் எந்த அர்த்தத்தை எடுத்துக்குவார்?

அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை முக்கியமான வரி அதுதான். இந்தச் சொற்களால் குழப்பம் வருகிறது என்பது எஃப்ஏஏவுக்கு, அதாவது அமெரிக்க விமானத்துறையை நிர்வகிக்கும் அரசு அமைப்புக்கு, பல வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் காலத்தோடு சரிசெய்யவில்லை. விபத்துக்குத் துணைக் காரணங்களில் ஒன்றாக வாரியம் இதைப் பதிவு செய்தது.

ஆறு வாரம் முன்னாடி

இப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த இன்னொரு விமானத்துக்கு வருவோம்.

விபத்துக்கு சுமார் ஆறு வாரம் முன்பு யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இதே டல்லஸுக்கு, இதே மாதிரி அப்ரோச் அனுமதி வாங்கி, இதே தப்பான அர்த்தத்தில் புரிந்துகொண்டு சீக்கிரமே இறங்கியது. மயிரிழையில் அந்த மலையில் மோதாமல் தப்பித்துப் பத்திரமாகத் தரையிறங்கியது.

யுனைடெட் அந்த வருடம்தான் தன் ஊழியர்களுக்காக ஒரு புதுத் திட்டம் ஆரம்பித்திருந்தது. பாதுகாப்பு சம்பந்தமாக ஏதாவது நடந்தால் வந்து சொல்லுங்கள், அதை வைத்துத் தண்டிக்க மாட்டோம் என்று ஒரு ஏற்பாடு. அதை நம்பி அந்த பைலட்கள் நடந்ததைச் சொன்னார்கள். கம்பெனியும் உடனே தன்னுடைய எல்லா பைலட்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. டல்லஸில் இப்படி ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை என்று.

யுனைடெட் பைலட்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. டிடபிள்யூஏ பைலட்களுக்குத் தெரியாது.

இதை யாரும் வேணும்னே மறைக்கலை. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு இந்த மாதிரித் தகவல் போக அன்றைக்கு வழியே கிடையாது. ரெண்டு கம்பெனியும் ஒரே வானத்துல, ஒரே மலைக்கு மேல, ஒரே கண்ட்ரோலர்கள் சொல்றதைக் கேட்டு ஓட்டுறாங்க. நடுவுல ஒரு சுவர்.

சரி, அந்த பைலட்கள் நேரா எஃப்ஏஏகிட்ட சொல்லியிருக்கலாமேன்னு கேட்கலாம். பைலட்டின் லைசென்ஸைப் பறிக்கிற அதிகாரம் எஃப்ஏஏ கையில்தான் இருக்கிறது. நேத்து சிக்னல் ஜம்ப் பண்ணேன் சார், ஒரு லாரி இடிக்கத் தெரிஞ்சுது, அந்த சிக்னல் மரத்துல மறையுது, கொஞ்சம் கவனிங்கன்னு டிராஃபிக் போலீஸ்கிட்டயே யாராவது எழுதிக் கொடுப்போமா? மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி ஃபைன் வந்துடும்.

நாசா எதுக்கு இதுக்குள்ள வந்தது?

விபத்துக்குப் பிறகு இந்த ஆறு வாரக் கதை வெளியே வந்தது. என்டிஎஸ்பி விசாரணையில் எல்லோரையும் உறுத்தியது இதுதான். 1975இல் எஃப்ஏஏ ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் தவறுகளை, தப்பித்த ஆபத்துகளை நீங்களாகவே வந்து சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம் என்றது.

விமானத்துறையில் இருந்தவர்கள் அதை நம்பவில்லை. வாக்குமூலம் வாங்குகிறதும் லைசென்ஸைப் பறிக்கிறதும் ஒரே ஆபீஸ் என்றால் யார் நம்புவார்கள்?

இதை எஃப்ஏஏவே புரிந்துகொண்டது. இதில் நான் பாராட்டுகிற இடம் இது. நாங்கள் வாங்கினால் யாரும் தர மாட்டார்கள், நடுவில் வேறு ஒருவர் வேண்டும் என்று நாசாவிடம் போனார்கள். நாசாவுக்கு விமான ஆராய்ச்சியில் நல்ல பெயர் இருந்தது. அதைவிட முக்கியம், நாசாவால யாரோட லைசென்ஸையும் தொட முடியாது. 1975 ஆகஸ்டில் ஒப்பந்தம். 1976 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் இருக்கிற நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஏஎஸ்ஆர்எஸ், அதாவது விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்பு, வேலையைத் தொடங்கியது. இதை வடிவமைத்ததில் முக்கியமானவர் சார்லஸ் பில்லிங்ஸ். மருத்துவராகப் படித்து, விமானங்களில் மனிதத் தவறு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தவர்.

அந்த அமைப்பின் டிசைன் ரொம்ப எளிமையானது. படிவத்தின் மேல்பகுதியில் உங்கள் பெயர், தொடர்பு விவரம். மீதியில் என்ன நடந்தது என்ற விவரம். படிவம் வந்ததும், விமானம் ஓட்டிய, கண்ட்ரோலராக இருந்த அனுபவசாலிகள் படிப்பார்கள். சந்தேகம் இருந்தால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பிறகு அந்தப் பெயர் இருக்கிற சீட்டைத் தேதி முத்திரை குத்தி உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். டேட்டாபேஸில் பெயரே இல்லாததால் ஹேக் பண்ணினாலும் எடுக்க ஒன்றும் இல்லை. பூட்டு போட்டுப் பாதுகாக்கிறதைவிட, பூட்டி வைக்க வேண்டியதையே வச்சுக்காம இருக்கிறதுதான் நல்ல செக்யூரிட்டின்னு 1976லேயே புரிஞ்சு வச்சிருக்காங்க.

திருப்பி வந்த அந்தச் சீட்டுதான் பைலட்டுக்குக் கவசம். வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் தகவல் கொடுத்திருந்தால், எஃப்ஏஏ பின்னால் வேறு வழியில் அதைக் கண்டுபிடித்தாலும் தண்டனை கிடையாது. எல்லாவற்றுக்கும் மன்னிப்பு என்று அர்த்தம் இல்லை. விபத்துகளும் குற்றச் செயல்களும் இதில் சேராது. தெரிந்தே விதியை மீறியவருக்கும் கவசம் இல்லை.

வந்த தகவலில் அவசரமானது இருந்தால் எஃப்ஏஏவுக்கும், விமான நிலையங்களுக்கும், விமானம் தயாரிக்கிறவர்களுக்கும் பெயர் இல்லாமல் எச்சரிக்கை போகும். 1979லிருந்து 'கால்பேக்' என்று ஒரு மாத இதழும் வருகிறது. இந்த ரன்வேயில் இப்படி ஆச்சு, இந்த வார்த்தையை இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு பைலட்கள் அவர்கள் வார்த்தையிலேயே சொல்வதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்தக் கம்பெனி பைலட் என்றாலும் சரி. யுனைடெட்டுக்கும் டிடபிள்யூஏவுக்கும் நடுவே இருந்த சுவர் இங்கேதான் உடைஞ்சுது.

இதுவரை வந்திருக்கிற தகவல்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிரிட்டன் 1982இல் இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தது. பிறகு வேறு பல நாடுகளும்.

மத்த மாற்றங்கள்

முதலாவது, அந்தச் சொற்றொடருக்கு ஒரே அர்த்தம் வந்தது. சார்ட்டில் இல்லாத பாதையில் வருகிற விமானத்துக்கு அப்ரோச் அனுமதி கிடைத்தாலும், சார்ட்டில் இருக்கிற பாதையைத் தொடும் வரை கடைசியாகச் சொன்ன உயரத்திலேயே இருக்க வேண்டும். கண்ட்ரோலரும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். ரெண்டு பக்கமும் செக் வச்சாச்சு.

இரண்டாவது, தரை நெருங்குகிறது என்று முன்கூட்டியே கத்துகிற ஜிபிடபிள்யூஎஸ் கருவி. டான் பேட்மேன் என்ற எஞ்சினியரும் அவர் குழுவும் இதை உருவாக்கியிருந்தார்கள். 514 மோதிய அதே மாதத்தில் எஃப்ஏஏ இதைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆனால் அது நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். எதிரே செங்குத்தாக மலை எழுந்தால் எச்சரிக்க நேரம் இருக்காது. அதனால் பேட்மேன் குழு பின்னாளில் உலகத்தின் நில உயரங்களையெல்லாம் டேட்டாபேஸாகச் சேர்த்து, விமானம் எங்கே இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டு, எதிரே வருகிற மலையை முன்னாலேயே சொல்கிற கருவியைச் செய்தது. அதற்கான வரைபடத் தகவல்களில் ஒரு பகுதி, சோவியத் யூனியன் உடைந்த பிறகு விற்பனைக்கு வந்த ராணுவ வரைபடங்களிலிருந்து கிடைத்தது.

கருவி உயிர்களைக் காப்பாத்துது, அதில் சந்தேகமே இல்லை. ஆனா கருவி கத்துறது கடைசிக் கட்டத்துல. அதுக்கு ஆறு வாரம் முன்னாடியே ஒரு மனுஷன் எச்சரிக்க முடியும், அவர் வாயைத் திறக்கப் பயப்படாம இருந்தா, அவர் சொல்றது அடுத்த கம்பெனி வரைக்கும் போனா.

இப்போ பல சாஃப்ட்வேர் கம்பெனிகளில் சர்வர் படுத்துட்டா 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' நடத்துறாங்க. யார் பண்ணினாங்கன்னு தேடாம, ஏன் நடக்க முடிஞ்சுதுன்னு தேடுற மீட்டிங். விமானத்துறை, மருத்துவத்துறை பழக்கங்களிலிருந்து வந்த யோசனைதான் இது. ஆனா நாம அதை நடத்துறது பெரும்பாலும் ஏதாவது உடைஞ்ச பிறகு. உடையப் பார்த்துத் தப்பிச்ச நாளைக்கு யாரும் மீட்டிங் போடுறதில்லை. நல்லவேளை ஒண்ணும் ஆகலைன்னு டீ குடிக்கப் போயிடுவோம்.

1974 அக்டோபரில் யுனைடெட் பைலட்கள் அப்படிப் போகாம, நடந்ததைச் சொன்னாங்க. அவங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. அந்தச் செய்தி வாஷிங்டன் பக்கம் பறக்கிற எல்லா காக்பிட்டுக்கும் போயிருந்தா, டிசம்பர் 1 காலையில 3,400 அடின்னு சீட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்ட அந்த கேப்டன், ரேடியோவை எடுத்துக் கண்ட்ரோலர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்க வாய்ப்பு இருக்கு.

உங்க வேலையிடத்துல இந்த மாதிரித் தப்பிச்ச சம்பவங்களைச் சொல்ல ஒரு வழி இருக்கா? சொன்னவங்களுக்கு அப்புறம் என்ன ஆகுது? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம், வணக்கம்.